எண்பத்தைந்து சதவீதச் சம்மதம்

என் தம்பி போர்வை மடிக்கும்போது இறந்துபோனான். இதை நான் சொல்லவில்லை, மாவட்டக் காவல்துறையின் இரண்டாவது அறிக்கை சொல்கிறது. முதல் அறிக்கை அவன் குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னது. அவனை அடைத்து வைத்திருந்த தடுப்புக் காவல் மையத்தில் குளியலறையே கிடையாது என்று அங்கே இருந்துவிட்டு வந்த யாரோ இணையத்தில் எழுதியதும், அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. வீட்டில் அவனை எர்வா என்போம், இரண்டாவது பையன் என்று அர்த்தம். மூன்று சக்கர வண்டியில் சிமெண்டு மூட்டை ஏற்றிப் பிழைத்தவன். மாகாணத்திலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருகிற நாளில், அவர் வருகிற சாலையில் வண்டியை நிறுத்திவிட்டான். போலீஸ்காரர் சாவியைப் பிடுங்கினார். இவன் அவருடைய அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். அதற்குப் பத்து நாள் காவல். ஆறாம் நாள் செத்துப்போனான்.

இரண்டாவது அறிக்கையின்படி, கைதிகளுக்குள் போர்வை மடிக்கும் போட்டி நடந்தது. மடித்த போர்வை நான்கு மூலையும் கூர்மையாக, வெட்டி வைத்த தோஃபு என்கிற சோயாக் கட்டி மாதிரி இருக்க வேண்டும். எர்வா 'வெற்றி பெறும் ஆர்வத்தில் அளவுக்கு மீறிக் குனிந்து' பலகைக் கட்டிலிலிருந்து விழுந்தான். கட்டிலின் உயரம் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர். என் தம்பி வாழ்நாளில் ஒரு தடவைகூடப் போர்வை மடித்தவன் இல்லை. அவன் பெண்டாட்டி ச்சின்மெய் அதற்காக அவனைத் திட்டாத நாளும் இல்லை.

நாடே சிரித்தது. 'இன்று போர்வை மடித்துவிட்டேன், உயிரோடு இருக்கிறேன்' என்று ஆயிரக்கணக்கானவர்கள் எழுதினார்கள். எங்கள் பள்ளி விடுதிப் பிள்ளைகள் காலையில் போர்வையைச் சுருட்டிப் போட்டுவிட்டு, "உயிருக்கு ஆபத்து வாத்தியாரே" என்றார்கள். போர்வை மடிப்பதில் எந்த ஆபத்தும் இல்லை என்று தலைமை ஆசிரியர் லுவான் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டார். மறுநாள் அந்தப் பலகையின் படமும் இணையத்தில் வந்தது. சந்தையில் காய்கறிக்காரி, "போர்வை மடிக்கிறப்போ பார்த்து மடிங்க!" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். என்னிடமும் சொல்லிவிட்டுப் பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். என் பையில் இரண்டு துண்டு இஞ்சியைக் கூடுதலாகப் போட்டாள்.

நான் சிரிக்கவில்லை. நான் அவனைப் பார்த்தவன். தகன நிலையத்துக் குளிர் அறையில் முகத்தை மட்டும் பார்க்கலாம் என்றார்கள். ச்சின்மெய் சரி என்று தலையாட்டிவிட்டு, மொத்தத் துணியையும் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். நான் காயங்களை எண்ண ஆரம்பித்தேன். கணக்கு வாத்தியாருக்கு வேறு என்ன தெரியும்? பதினேழு எண்ணியபோது போலீஸ்காரர் துணியைப் போட்டு மூடினார். முதுகைத் திருப்பிப் பார்க்க விடவே இல்லை.

அந்தத் திங்கட்கிழமை கல்வி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் ஊரில் ஒரு வீட்டார் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றால், அந்தக் குடும்பத்தில் அரசுச் சம்பளம் வாங்குகிறவர் யார் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். துணை இயக்குநர் யாவ் எனக்குத் தன் கையாலேயே தேநீர் ஊற்றினார். நான் கிண்ணத்தைத் தொடவில்லை.

"குவாங் வாத்தியாரே, உங்க மேல மேலிடத்துக்கு ரொம்ப நம்பிக்கை."

"சந்தோஷம்."

"உங்க தம்பி சம்சாரம் தகனச் சம்மதப் படிவத்துல கையெழுத்துப் போட மாட்டேங்குதாம். வெள்ளிக்கிழமை பொது விவாதம் வச்சிருக்கோம். நிருபருங்க வர்றாங்க, இணையத்துல எழுதறவங்க வர்றாங்க. அதுக்குள்ள நீங்க பேசி முடிச்சிடணும். அதுவரைக்கும் வகுப்பு எடுக்க வேணாம்."

"நாலாம் வகுப்புக்குப் பின்னம் நடத்திக்கிட்டிருக்கேன்."

"பின்னம் எங்கயும் ஓடிப்போகாது."

"அது கையெழுத்துப் போடலைன்னா?"

"போடலைன்னா, வெள்ளிக்கிழமைக்கு அப்புறமும் நீங்க வகுப்பு எடுக்க வேணாம்" என்றார் யாவ். "தேநீர் ஆறுது பாருங்க."

பிறகு ஒரு படிவக் கட்டைக் கொடுத்தார். தினமும் மாலை நான்கு மணிக்குள் தலைமை ஆசிரியர் வழியாக அறிக்கை தர வேண்டும். குடும்பத்தாரின் மனநிலை, எடுத்த நடவடிக்கை, அடுத்த படி என்று மூன்று தலைப்பு. கடைசியில் ஒரு கட்டம்: சம்மதம், சதவீதத்தில்.

"மனசுக்குச் சதவீதம் எப்படி?"

"நீங்கதானே கணக்கு வாத்தியார்? ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. நேத்தைய எண்ணைவிட இன்னைக்கு எண் கொஞ்சம் கூட இருக்கணும்."

ச்சின்மெய் பேருந்து நிலையத்துக்கு எதிரே அரிசி நூடுல்ஸ் விற்கிறாள். நேராக அங்கே போய்க் குட்டை முக்காலியில் உட்கார்ந்தேன். கொதிக்கிற பானையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டாள்.

"வாங்க பெரியத்தான். சாப்பிட வந்தீங்களா, வேலையா வந்தீங்களா?"

"வேலையா."

"அப்பப் பேசுங்க. கைதான் வேலையா இருக்கு, காது சும்மாதான் கெடக்கு."

"படிவத்துல கையெழுத்துப் போட்டுடு."

"போட மாட்டேன்."

"சரி, வேலை முடிஞ்சுது. ஒரு கிண்ணம் நூடுல்ஸ் குடு. மிளகாய் ஊறுகாய் தூக்கலா."

கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு அவளும் எதிரே உட்கார்ந்தாள். நான் குரலைத் தாழ்த்தி என் திட்டத்தைச் சொன்னேன். உடம்பு இருக்கிற வரைதான் நம் பேச்சுக்குச் சாட்சி. எரித்துவிட்டால் நாற்பத்திரண்டு சென்டிமீட்டர் கட்டில்தான் மிச்சம். வெள்ளிக்கிழமை வரை நான் இழுத்தடிக்கிறேன். அன்றைக்கு அத்தனை நிருபர்களுக்கு முன்னால் நீ எழுந்து, மாகாணத்து மருத்துவர்களை வைத்துப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேள். கேமராக்களை வைத்துக்கொண்டு முடியாது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

"அதுவரைக்கும் அவங்களுக்கு என்ன எழுதிக் குடுப்பீங்க?"

"எதையாவது எழுதுவேன்."

"பொய்யா?"

"பொய் இல்ல. சதவீதம்."

"உங்ககிட்ட கணக்குப் படிச்சுத்தானே அவரு மூணு வருஷம் ஃபெயிலானாரு" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறு ஏதோவாகிவிட்டது. எழுந்து போய்ப் பானைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாகப் பாடக் குறிப்பு எழுதுகிறவன் நான். ஒன்றுமே நடக்காத நாளைப் பற்றி இரண்டு பக்கம் எழுத என்னால் முடியும். திங்கட்கிழமை, 'குடும்பத்தார் பேச்சுவார்த்தைக்குக் காது கொடுத்தனர்' என்று எழுதி இருபது சதவீதம் போட்டேன். செவ்வாய்க்கிழமை அவள் நூடுல்ஸில் ஒரு முட்டையைச் சேர்த்துக் கொடுத்தாள். 'உறவு குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டுள்ளது, நாற்பத்தைந்து.' புதன்கிழமை ஒரு வாடிக்கையாளர் பழக்கதோஷத்தில், "எர்வா எங்கம்மா, மூட்டை ஏத்தப் போயிட்டானா?" என்று கேட்டுவிட்டார். அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதாள். அன்று மாலை நான், 'மன இறுக்கம் தளர்ந்துள்ளது, எழுபது' என்று எழுதினேன். எழுதும்போது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வாக்கியம் நன்றாக அமைந்துவிட்டதே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமைக்கு எண்பத்தைந்து. இடைவேளையிலேயே கொண்டுபோய்த் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒரே நாள். என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. வழியில் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தேன்.

விவாதம் மாவட்ட விருந்தினர் மாளிகையில் நடந்தது. 'மக்களின் ஐயங்களை மனமார வரவேற்கிறோம்' என்று சிவப்புத் துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வோர் இருக்கைக்கும் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு ஆரஞ்சுப் பழம். இணையவாசிகளின் பிரதிநிதிகள் எட்டுப் பேரைக் காலையிலேயே தடுப்புக் காவல் மையத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டியிருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் 'ஊறுகாய்ப் பானை' என்ற பெயரில் எழுதுகிற ஒல்லியான இளைஞர். அவர் மேடையேறி, தாங்கள் சுவர்களையும் கட்டிலையும் பார்த்ததாகவும், மதிய உணவு நன்றாக இருந்ததாகவும், எந்த முடிவுக்கும் வர முடியாத நிலையில் இருக்கிறோம் என்ற முடிவுக்கு ஒருமனதாக வந்திருப்பதாகவும் வாசித்தார்.

அடுத்து செய்முறை விளக்கம். காவல்துறைச் செய்தித் தொடர்பாளர் பாய் என்பவர் கையைக் காட்ட, அதே உயரத்தில் ஒரு பலகையைக் கொண்டுவந்து போட்டார்கள். ஓர் இளம் போலீஸ்காரர் அதில் ஏறிப் போர்வையை மடித்து, குனிந்து, விழுந்தார். எழுந்து சீருடையைத் தட்டிவிட்டுக்கொண்டார். சரியாக விழவில்லை என்று மறுபடி ஏறி விழுந்தார்.

"சாகலையேப்பா!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒருத்தருக்கொருத்தர் உடல்வாகு வேறுபடும்" என்றார் பாய்.

"அறையில கேமரா இருக்கே, படம் எங்க?" என்றார் ஊறுகாய்ப் பானை.

"அன்னைக்குப் பழுது."

"எல்லா கேமராவுமா?"

"அந்த ஒண்ணுதான்."

ஓய்வுபெற்ற எஃகு ஆலைத் தொழிலாளி ஒருவர் எழுந்து, போலீஸும் மனுசங்கதான், ராத்திரி பகல் தூக்கமில்லை, எல்லாத்துக்கும் அவங்களையே குறை சொன்னா நாளைக்குத் திருடனை யார் பிடிப்பா என்று கேட்டார். சட்டப் பேராசிரியை ஒருவர், பிடிக்கிறதுக்குத்தான் சட்டம் இருக்கு, கொல்றதுக்கு இல்ல என்றார். இருவருக்கும் ஒரே அளவு கைதட்டல். ஊறுகாய்ப் பானை மேசையைத் தட்டி, "நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இதுக்கு யாராவது ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். ஒரு பேரைச் சொல்லுங்க!" என்றார். பாய் தண்ணீர் குடித்தார்.

நான் ச்சின்மெய்யின் முழங்கையைத் தொட்டேன். அவள் எழுந்தாள். கடைக்குப் போடுகிற மேலங்கியைக் கழற்றிவிட்டு, கல்யாணத்துக்கு வாங்கிய நீலச் சட்டையைப் போட்டு வந்திருந்தாள்.

"நான் செத்துப்போனவரோட சம்சாரம். போர்வை பத்தி எனக்குச் சண்டை வேணாம். மாகாணத்து டாக்டருங்க வந்து அவர் உடம்பைப் பாக்கட்டும். எல்லாரும் பாக்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

கேமராக்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. பலமாகக் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பாய் தன் கோப்பின் பக்கங்களைப் புரட்டினார். புரட்டிவிட்டு நிமிர்ந்தபோது அந்த மனிதர் முகத்தில் இருந்தது நிஜமான குழப்பம். இன்றுவரை அதை நடிப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை.

"தங்கச்சி, நீங்க சம்மதிச்சபடிதான் நேத்து சாயங்காலமே தகனம் முடிஞ்சுதே?"

"நானா? நான் எங்க சம்மதிச்சேன்?"

"எழுத்துல இருக்கு" என்றார். ஒலிவாங்கியை இழுத்து வைத்துக்கொண்டு வாசித்தார்.

என் எண் கைமாறிய கதை எனக்குப் பிறகுதான் முழுதாகத் தெரிந்தது. நான் எண்பத்தைந்து என்று எழுதியிருந்தேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் ஒருவர் வேறொரு வீட்டு விவகாரத்தில் எண்பத்தெட்டு காட்டியிருந்தாராம். அதனால் தலைமை ஆசிரியர் லுவான் என்னுடையதைத் 'தொண்ணூறுக்கும் மேல்' ஆக்கினார். யாவ் அதை 'அடிப்படையில் சம்மதம்' ஆக்கினார். ஊரில் சலசலப்பு எழாமல் பார்த்துக்கொள்கிற அமைதி பேணும் அலுவலகம் 'அடிப்படையில்' என்ற சொல் பார்க்க நன்றாயில்லை என்று எடுத்துவிட்டது. வியாழன் மூன்றரைக்கு 'சம்மதம், கையெழுத்து பின்னர் பெறப்படும்' என்று தகன நிலையத்துக்குத் தகவல் போயிருக்கிறது. யாரும் பெரிய பொய் சொல்லவில்லை. ஆளுக்குக் கொஞ்சம் மேலே தள்ளிவிட்டார்கள். முதலில் தள்ளியவன் நான்.

ஆதாரத்துக்காகப் பாய் என் அறிக்கைகளையும் வாசித்தார். 'நூடுல்ஸில் ஒரு முட்டை சேர்த்துக் கொடுத்தார். உறவு குறிப்பிடத்தக்க அளவில் மேம்பட்டுள்ளது.' அரங்கில் சிரித்தார்கள். 'மனம்விட்டு அழுதார். மன இறுக்கம் தளர்ந்துள்ளது.' அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. ச்சின்மெய் திரும்பி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னை யாரென்று அடையாளம் தெரியாதவள் மாதிரி பார்த்தாள்.

"இதை எழுதினது யாரு? பேரைச் சொல்லுங்க!" என்று கத்தினார் ஊறுகாய்ப் பானை.

அன்று காலையிலிருந்து கேட்ட கேள்விகளில் பாயிடம் பதில் இருந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

"குவாங் ஷௌயி. தொடக்கப் பள்ளி ஆசிரியர். இறந்தவரோட அண்ணன்."

தம்பியின் சாவு பற்றிய மூன்றாவது அறிக்கை அடுத்த புதன்கிழமை வந்தது. உண்மைக்குப் புறம்பான அறிக்கை தந்து, குடும்பத்தாரின் உரிமையைப் பாதித்த ஆசிரியர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். கேமரா பழுது பார்க்கிறவர் எச்சரிக்கப்பட்டார். மையத்தின் தலைவர் தன்னைத் தானே ஆழமாக விமர்சித்துக்கொண்டார். இணையத்தில் பலர் மகிழ்ந்தார்கள், மக்கள் குரலுக்குக் கடைசியில் மரியாதை கிடைத்துவிட்டதாம். 'சொந்தத் தம்பியை எரித்த அண்ணன்' என்று என் படத்தைப் போட்டார்கள். அதில் நான் ஆரஞ்சுப் பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தபடி நிற்கிறேன். அவர்கள் எழுதியதில் எதையும் நான் மறுக்கவில்லை. மறுக்க என்ன இருக்கிறது?

பதினோரு நாள் ச்சின்மெய் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"சாம்பலை எடுத்துட்டுப் போங்கன்னு ஆள் அனுப்பிக்கிட்டே இருக்காங்க. அவங்க காகிதம் எதுலயும் நான் கையெழுத்துப் போடறதா இல்ல. நீங்க போய் வாங்கிட்டு வாங்க."

"நானா?"

"எனக்குப் பதிலாப் பேச உங்களுக்குத்தான் பழக்கமாச்சே, பெரியத்தான்" என்றாள். சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள்.

தகன நிலைய அலுவலகத்தில் ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தாள். ஒப்படைப்புப் படிவம் மூன்று படிகள், நடுவில் கரித்தாள். ஒன்று அவர்களுக்கு, ஒன்று குடிமக்கள் பதிவு அலுவலகத்துக்கு, ஒன்று குடும்பத்துக்கு. பெயர், வயது, உறவு எல்லாம் எழுதினேன். இறப்பின் காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இதுல என்னம்மா எழுதறது?"

"நோய்னு எழுதுங்க, இல்ல முதுமைன்னு எழுதுங்க. ஏதோ ஒண்ணு. இருந்தாப் போதும், யாரும் படிக்கிறதில்ல. சீக்கிரம் ஐயா, சூப் ஆறுது."

பேனாவை அழுத்திப் பிடித்து எழுதினேன், மூன்றாவது படியிலும் தெளிவாக விழ வேண்டும் என்று. காவலில் அடித்துக் கொன்றார்கள். கீழே முழுப் பெயரையும் எழுதி, மைப்பெட்டியில் விரலைத் தோய்த்துச் சிவப்பு ரேகை வைத்தேன்.

அவள் வாங்கி மூன்றிலும் டப் டப் டப் என்று முத்திரை குத்தினாள். பிரித்து அடுக்கும்போதுதான் கண் அந்தக் கட்டத்தில் விழுந்தது. உதட்டுக்குக் கொண்டுபோன கரண்டி அப்படியே நின்றது.

"ஐயா, இதை மாத்தி எழுதிடுங்க."

"முத்திரை குத்திட்டியேம்மா."

"உங்க வேலைக்கு ஆபத்து வந்துடப் போகுது."

"அது போயிடுச்சு."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எந்தப் படத்தில் பார்த்த முகம் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கதவுப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு எங்கள் படியை நான்காக மடித்து என் சட்டைப் பையில் அவளே செருகிவிட்டாள்.

"எனக்கு இது சாப்பாட்டு நேரம். இந்த நேரத்துல நான் எதையும் படிக்கிறதில்ல" என்றாள். "போயிடுங்க."

ச்சின்மெய்யின் கடையில் மதியக் கூட்டம். சாம்பல் பெட்டியை முக்காலியில் வைத்துவிட்டுக் காகிதத்தை நீட்டினேன். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சின்னப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி உதட்டை அசைத்து வாசித்தாள். முத்திரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். அரசாங்க முத்திரை, மாவட்டத்தின் பெயர் சுற்றிலும், நடுவில் நட்சத்திரம். பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மன்னித்த மாதிரியும் தெரியவில்லை, மன்னிக்காத மாதிரியும் தெரியவில்லை.

அடுப்பை அணைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடம், "கிண்ணத்தை அங்கேயே வச்சிட்டுப் போங்க, எனக்குத் தலைநகர்ல வேலை இருக்கு" என்றாள். சாலையைக் கடந்து மாகாணத் தலைநகருக்குப் போகிற பேருந்தில் ஏறினாள். படியில் நின்று திரும்பினாள்.

"வாங்க. மனு குடுத்தா, எழுதினது யாருன்னு அங்க கேப்பாங்க. அவரையும் தூக்கிக்கிட்டு வாங்க."

நடத்துநர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "சாமானைக் கீழ வைங்க" என்றார். "சாமான் இல்லீங்க, என் தம்பி" என்றேன். அவர் நகர்ந்து வழி விட்டார். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிமெண்டு மூட்டையைத் தனியாளாகத் தூக்கியவன், கனமே இல்லை. பேருந்து கிளம்பிய பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. ச்சின்மெய் ஜன்னல் வெளிச்சத்தில் காகிதத்தைப் பிரித்து, முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்க ஆரம்பித்தாள்.